இறங்கி நடப்பவர்

முதல் தடவை பார்த்தபோது அவருடைய சைக்கிளில் செயின் கழன்றுவிட்டது என்றுதான் நினைத்தேன். மொன்றியலில், ழான்-தலோன் தெருவில், தெப்பனேர் என்று இங்கே சொல்கிற ஒரு மூலைக்கடை வாசலில் போலீஸ் கார் நின்றிருந்தது. உள்ளே இருந்தவர் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு மஃபின் தின்றுகொண்டிருந்தார். எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்த பெண்மணிக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். அந்தக் காருக்கு இருபது அடி முன்பே சைக்கிளை விட்டு இறங்கினார். கைப்பிடியைப் பிடித்தபடி, நேரே பார்த்துக்கொண்டு, காரைக் கடந்து நடந்தார். இன்னும் இருபது அடி தள்ளிப் போனதும் மறுபடி ஏறிக்கொண்டார். தமிழ் முகமாக இருந்ததால் பக்கத்தில் போய்க் கேட்டேன்.

"செயின் கழண்டுடுச்சாங்க?"

"இல்லைத் தம்பி," என்றார். "அவை நிக்கினம்."

யார் நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தேன். போலீஸ்காரர் விரலை நக்கிக்கொண்டிருந்தார்.

அவருக்கு அழகான பெயர் ஒன்று உண்டு. நான் செய்த காரியத்துக்குப் பக்கத்தில் அந்தப் பெயரை எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது. அக்கா என்றுதான் கூப்பிட்டேன். இங்கேயும் அக்கா என்றே இருக்கட்டும்.

அக்கா ஒரு கார்தெரியில் சமையல் பார்த்தார். வேலைக்குப் போன பெற்றோர் விட்டுவிட்டுப் போகிற குழந்தைகள் அறுபது பேருக்குத் தினமும் சூப்பும் சோறும். பனி கொட்டும் நாலு மாதம் தவிர மற்ற நாளெல்லாம் அங்கே சைக்கிளில்தான் போவார். என்னுடையது விரலால் தூக்கிவிடக்கூடிய கார்பன் சைக்கிள். அவருடையது இரண்டு பேர் சேர்ந்து தூக்க வேண்டியது. பின்னால் கரியர், கரியரில் பழைய டியூபை வெட்டிச் செய்த கட்டு. அதில் அரிசிப் பை, முருங்கைக்காய், ஒருமுறை ஒரு முழு மைக்ரோவேவ் அடுப்பைக்கூடக் கட்டிக்கொண்டு போனதைப் பார்த்திருக்கிறேன். சனிக்கிழமைகளில் லஷீன் கால்வாய் ஓரமாக இருவரும் சேர்ந்து ஓட்டப் பழகினோம். நான் வேகம் பார்க்கிற ஆள். கைக்கடிகாரம், கைப்பேசி, நெஞ்சில் ஒரு பட்டை என்று உடம்பெல்லாம் கணக்கு ஓடும். அவரோடு போனால் கணக்கு எல்லாம் வீண்.

ஏனென்றால் அவர் இறங்குவார். சவ வண்டி வந்தால் இறங்குவார். மாதா சிலை தெரிந்தால் இறங்குவார். தடி ஊன்றிய கிழவர் பாதையில் நடந்தால் மணி அடிக்க மாட்டார், இறங்கிப் பின்னாலேயே நடப்பார். மலைப்பக்கம் இருக்கும் பெரிய கல்லறைத் தோட்டத்தின் மதில் முடிகிற வரைக்கும் ஒருநாள் அவரோடு உருட்டிக்கொண்டு நடந்தேன். பெடலில் மாட்டுவதற்காக என் ஷூவின் அடியில் இருக்கும் இரும்பு கல்லில் உரசி உரசிப் பாழாய்ப் போயிற்று. லவாலில் ஒரு பேரங்காடி வாசலில் நின்ற காவலாளிக்கும் இறங்கினார். அந்த ஆள் கதவைத் திறந்துவிடத்தான் நின்றிருந்தார்.

"எதுக்கு அக்கா இறங்குறீங்க? அவர் நம்மளப் பாக்கக்கூட இல்லையே."

"இறங்கினா என்ன குறைஞ்சு போச்சு? திரும்ப ஏற எவ்வளவு நேரம் செல்லும்?"

இதுதான் எப்போதும் பதில். இறங்குவதும் ஏறுவதும் அவருக்கு ஒரே வீச்சு. ஓடுகிற சைக்கிளில் இடது பெடலில் நின்று வலது காலை எடுத்து, சத்தமில்லாமல் தரையில் வைப்பார். அடுப்பிலிருந்து பால் சட்டியை இறக்குகிற மாதிரி இருக்கும்.

ஒருநாள் வற்புறுத்திக் கேட்டபோது கொஞ்சம் சொன்னார். "முதல்லை செத்த வீட்டுக்கும் கோயிலுக்கும்தான் இறங்கினது. அது எங்கட வீட்டுப் பழக்கம். பேந்து ரோட்டிலை ஆமிக்காரன்ர சென்றிக் காவல் வந்துது. ஐம்பது அடிக்கு முன்னமே இறங்கி, தொப்பியைக் கழட்டி, உருட்டிக்கொண்டு போக வேணும். இறங்காட்டிச் சுடுவாங்கள்."

"இங்க யாரும் சுட மாட்டாங்களே அக்கா."

"எனக்குத் தெரியும் தம்பி. இந்தக் காலுக்குத் தெரியேல்லை," என்று சொல்லிச் சிரித்தார்.

இன்னொரு கதையும் சொன்னார். சண்டை நெருங்கி வர, ஊர் முழுவதும் வீட்டை விட்டு வெளிக்கிட்டுப் போன நாள். விடாத மழை. அக்காவின் மகளுக்கு ஒன்றரை வயது, காய்ச்சல். பிள்ளையை நெஞ்சோடு சேலையால் கட்டிக்கொண்டு, கரியரில் உடுப்பு மூட்டையோடு, சனத்துக்கு நடுவில் சைக்கிளை உருட்டிக்கொண்டு போயிருக்கிறார். நடுவழியில் பிள்ளை அழுவதை நிறுத்திவிட்டது. அவர்கள் ஊர்க் கோயில் அசிசியார் கோயில், இத்தாலியில் அசிசி என்ற ஊரில் வாழ்ந்த புனிதருடையது. அவரிடம் நேர்த்தி வைத்தாராம்: பிள்ளை கண் முழித்தால் உன்ர ஊருக்கு நான் சைக்கிளில் வந்து கும்பிடுகிறேன்.

"அசிசி எங்கை கிடக்கெண்டு அப்ப ஆருக்குத் தெரியும்? மடுக் கோயில் மாதிரி ரெண்டு நாள் ஓட்டம் எண்டு நினைச்சன்."

"ஏன் அக்கா சைக்கிள்ல வர்றேன்னு சொன்னீங்க?"

"கையிலை அதுதானே இருந்தது."

பிள்ளை கண் முழித்தது. இப்போது அந்த மகள் ஸ்காபரோவில் மருந்தாளராக இருக்கிறாள்.

இந்தக் கதையை நான் அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டு மேசையில் சொன்னேன். எல்லோரும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்கள். ஏதோ நானே அந்த மழையில் நடந்து வந்தவன் மாதிரி எனக்குப் பெருமை தாங்கவில்லை. எங்கள் அலுவலகச் சைக்கிள் கூட்டம் அந்த வருடம் இத்தாலிக்குப் போவதாக இருந்தது. சியெனாவில் தொடங்கி, குன்றுகளின் மேல் இருக்கும் பழைய ஊர்கள் வழியாக ஆறு நாள் ஓட்டி, அசிசியில் முடிகிற பயணம். எட்டுப் பேரில் ஒருவர் கடைசி நேரத்தில் வரவில்லை என்றார். என் மேனேஜர்தான், "உன் கதையில் வந்த அந்த அம்மாவைக் கூட்டி வா" என்றார். கண்ணில் நீர் வருமளவுக்கு நல்ல மனது அவருக்கு அன்றைக்கு.

அக்காவிடம் சொன்னேன். அவர், "அசிசிக்குள்ள சைக்கிள் விடுவாங்களோ?" என்று மட்டும் கேட்டார்.

"வாசல் வரைக்கும் விடுவாங்க அக்கா."

"அது போதும், காணும்."

சியெனாவிலிருந்து வெளியே வந்ததும் வெள்ளைச் சரளைப் பாதைகள் தொடங்கின. இரண்டு பக்கமும் அறுவடை முடிந்த வயல். தூரத்துக் குன்றுகளில் மதில் கட்டிய ஊர்கள். பாதை திரும்புகிற இடத்திலெல்லாம் சின்னக் கூண்டுக்குள் மாதா. ஒவ்வொரு ஊருக்கும் வெளியே, சைப்ரஸ் மரங்களுக்கு நடுவே, ஊர்க் கல்லறை. அக்கா இறங்குவதற்கென்றே யாரோ கட்டி வைத்த நாடு போல இருந்தது அது.

முதல் இரண்டு நாள் எல்லோருக்கும் அவர் செல்லம். வாடகைச் சைக்கிளை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "கரியர் இல்லாத சைக்கிளும் ஒரு சைக்கிளோ?" என்று பிரெஞ்சில் கேட்டு அத்தனை பேரையும் சிரிக்க வைத்தார். அவருடைய பிரெஞ்சு என்னுடையதைவிடப் பல மடங்கு சுத்தம். செங்குத்தான ஏற்றங்களில் எங்களுக்கு நாக்குத் தள்ளும்போது அவர் இறங்கி விறுவிறுவென்று நடந்து எங்களையே தாண்டிப் போனார். கைதட்டினார்கள்.

மூன்றாம் நாள் கோர்த்தோனாவில் அவருக்காக முக்கால் மணி நேரம் காத்திருந்தோம். வழியில் ஒரு ஊரில் அடக்கம் நடந்திருக்கிறது. அக்கா இறங்கியதோடு நிற்காமல் கூட்டத்தோடு கல்லறை வரை போய்விட்டு வந்திருந்தார். "தெரியாத ஆக்கள்தான். ஆனா குறைஞ்ச சனம், பாவம்," என்றார். மேனேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவர் பார்த்ததை நான் பார்த்தேன். அந்த வருடம் எனக்கு ஒரு பதவி உயர்வு அவர் கையில் இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அது இல்லாவிட்டாலும் நான் இப்படித்தான் நடந்திருப்பேனோ, தெரியவில்லை.

ஐந்தாம் நாள் பெருஜாவில், பெரிய கோயில் வாசலில், துப்பாக்கியோடு இரண்டு சிப்பாய்கள் காவல் நின்றார்கள். அந்த நாட்டில் அது சாதாரணம். அக்கா தூரத்திலேயே இறங்கினார். தலைக்கவசத்தைக் கழற்றினார். சிப்பாய்களுக்கு முன்னால் போய், யாரும் கேட்காமலே, இடுப்புப் பையைத் திறந்து காட்டினார். பாஸ்போர்ட், ஒரு சீப்பு, பாதி பிஸ்கட் பாக்கெட். சின்னவனாக இருந்த சிப்பாய் என்ன செய்வது என்று தெரியாமல் குனிந்து பார்த்துவிட்டுப் புன்னகைத்தான். எங்கள் கூட்டத்தில் ஒருவர் கைப்பேசியில் படம் எடுத்தார். இரண்டு பேர் திரும்பிக்கொண்டு சிரித்தார்கள்.

மேனேஜர் என் தோளைத் தொட்டு மெதுவாகக் கேட்டார். "உன் அத்தைக்கு ஒன்றும் இல்லையே?"

"அத்தை இல்லை," என்றேன். அந்த வேகம் எனக்கே இன்னும் ஞாபகம் இருக்கிறது. "மொன்றியலில் தெரிந்தவர், அவ்வளவுதான். நாங்கள் ஒரே நாடுகூட இல்லை."

சாப்பாட்டு மேசையில் இந்தக் கதையைச் சொல்லி எல்லோரையும் உருக வைத்தவன் நான்தான். கதையாக இருந்தபோது இனித்தது. அதுவே காலும் கையுமாக என் பக்கத்தில் நின்று பையைத் திறந்து காட்டியபோது எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

கடைசி நாள் காலையில் பள்ளத்தாக்கில் இறங்கினோம். காய்ந்த சூரியகாந்தி வயல்களுக்கு அப்பால், மலைச்சரிவில், இளஞ்சிவப்புக் கல்லில் ஒரு ஊர் தெரிந்தது. அக்கா இறங்கினார்.

"ஓமோ தம்பி? அதுவோ?"

"ஆமா அக்கா. அதேதான்."

"இவ்வளவு கிட்டவோ!" என்றார். சிலுவை போட்டுக்கொண்டார். முப்பது வருடமாகச் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்த மனுஷி அப்படித்தானே சொல்வார். நானோ அவர் எப்போது மறுபடி ஏறுவார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

மலையடிவாரத்தில் தண்ணீர் குடிக்க நின்றோம். அங்கிருந்து நாலு கிலோமீட்டர் ஏற்றம், அவ்வளவுதான் பாக்கி. மேனேஜர் எல்லோரையும் கூட்டி, ஒரு மணிக்கு, மலை மேல் இருக்கும் நகர வாசலில் எல்லோரும் சேர்ந்து படம் எடுக்க வேண்டும், பிறகு சாப்பாடு சொல்லியிருக்கிறது என்றார். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். பார்த்தாரா இல்லையா என்று இப்போது எனக்கு நிச்சயமில்லை. பார்த்ததாக நான் எடுத்துக்கொண்டேன்.

எங்களை வழிநடத்தியவன் இத்தாலியப் பையன், நல்ல பிள்ளை. களைத்தவர்களை ஏற்றிக்கொள்ள ஒரு வான் எங்களுக்குப் பின்னாலேயே வரும். நான் அவனைத் தனியே அழைத்துப் போய், அக்காவுக்கு முழங்கால் வலி தாங்கவில்லை, வெளியே சொல்ல வெட்கப்படுகிறார், நீயே கட்டாயப்படுத்தி வானில் ஏற்றிவிடு என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அவன் தயங்கினான். இன்னும் கொஞ்சம்தானே, அவருக்கு இது முக்கியம் என்று சொன்னாரே என்றான். அவனுக்குக்கூடச் சொல்லியிருக்கிறார். நான் விடவில்லை. மருத்துவர் எச்சரித்திருக்கிறார் என்று கையை ஆட்டி ஆட்டி இன்னொரு பொய்யையும் சேர்த்தேன். ஐந்து நிமிடம் பேசியிருப்பேன்.

அக்கா அதற்குள் சைக்கிளில் ஏறி முதல் வளைவை நோக்கிப் புறப்பட்டிருந்தார். பையன் குறுக்கே போய் உள்ளங்கையைக் காட்டி நிறுத்தினான். அவன் போட்டிருந்தது தோளில் பட்டை வைத்த நீலச் சட்டை. அவன் வாயைத் திறக்கும் முன்பே அக்கா இறங்கிவிட்டார். அவன் வானைக் காட்டினான். அக்கா ஏன் என்று கேட்கவில்லை. சைக்கிளை அவன் கையில் கொடுத்துவிட்டு என் பக்கம் திரும்பிப் பார்த்தார். நான் குனிந்து ஷூவின் பட்டையை இறுக்கிக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கு நான் ஏறியது போல ஒருநாளும் ஏறியதில்லை. மேனேஜருக்குச் சமமாக வாசலைத் தொட்டேன். படம் எடுத்தோம். ஏழு பேர், கட்டை விரலை உயர்த்திக்கொண்டு.

வாசலுக்குக் கீழே வண்டி நிறுத்துமிடத்தில் வான் நின்றது. கதவு திறந்திருந்தது. அக்கா நடு இருக்கையில், தலைக்கவசத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"வாங்க அக்கா. கோயில் இங்கதான், அஞ்சு நிமிஷம்."

"நீங்கள் போட்டு வாங்கோ தம்பி. நான் இதிலை இருக்கிறன்."

"இவ்வளவு தூரம் வந்துட்டு?"

"சைக்கிளிலை வாறன் எண்டு சொன்னனான். வானிலை வந்து இறங்கி என்னெண்டு அவற்ற முகத்தைப் பாக்கிறது?"

குரலில் கோபமே இல்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்கள் கவலைப்படாதேங்கோ. அந்தப் பெடியனோட எனக்காக எவ்வளவு நேரம் கதைச்சனீங்கள். நான் கண்டனான். அவன் மறிச்சா நீங்கள் என்ன செய்யிறது? அவங்கட சட்டம் அப்பிடியாக்கும்."

நான் நின்றேன். ரோமுக்குப் பேருந்து நாலரைக்கு. அப்போது மணி ஒன்றேகால். கீழே போக இருபது நிமிடம், அவர் இறங்கி நடந்து ஏறினாலும் இரண்டு மணி நேரம் போதும். மனதுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தேன், நேரம் இருந்தது. பையனிடம் ஒரு வார்த்தை சொன்னால் சைக்கிளை வானிலிருந்து எடுத்துக் கொடுத்திருப்பான். ஆனால் சொன்னால் அவன் கேட்பான், முழங்கால் என்னாயிற்று என்று. அக்கா கேட்பார், எந்த முழங்கால் என்று. அந்த இரண்டு கேள்விகளும் ஒரே இடத்தில் சந்திக்கக் கூடாது என்பதற்காக, நான் "சரிங்க அக்கா" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனேன். சாப்பாடு நன்றாக இருந்தது. அப்படிச் சொல்லவும் வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் நன்றாகத்தான் இருந்தது, தட்டைத் துடைத்துச் சாப்பிட்டேன்.

மொன்றியல் வந்த மூன்றாவது ஞாயிறு, பூசை முடிந்து மண்டபத்தில் சாப்பாடு, கட்டாயம் வர வேண்டும் என்று அக்கா அழைத்தார். போகாமலிருந்தால் ஏதாவது நினைப்பாரோ என்று போனேன். சோற்றுத் தட்டும் கையுமாக நின்ற சனத்திடம் என்னை ஒவ்வொருவராகக் காட்டினார்.

"இந்தத் தம்பிதான். இந்தியா. சொந்தத் தம்பிகூட இப்பிடிக் கதைக்க மாட்டான். கையைக் காலை ஆட்டி அந்த இத்தாலிக்காரனோட ஒரே சண்டை. அவங்கள் கேக்கேல்லை."

ஒரு பெரியவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "எங்களுக்காகக் கதைக்க ஆரும் இல்லை எண்டு நினைச்சிருக்கிறம் தம்பி," என்றார். நான் தலையாட்டினேன். வேறு என்ன செய்திருக்க முடியும் என்று எத்தனையோ முறை கேட்டுப் பார்த்துவிட்டேன். தலையாட்டாமல் இருந்திருக்கலாம். அக்கா என் தட்டில் இன்னொரு மீன் துண்டை வைத்தார்.

பதவி உயர்வு கிடைத்தது. அடுத்த கோடையில் அக்கா வேலையை விட்டுவிட்டு மகளோடு இருக்க ஸ்காபரோ போய்விட்டார். அந்தப் பெரிய சைக்கிளை ரயிலில் ஏற்ற முடியாது என்று யாரோ சொன்னபோது, அப்படியானால் பஸ்ஸில் போகிறேன் என்று சொல்லி, பஸ் வயிற்றுக்குள் படுக்க வைத்துக் கொண்டுபோனார். ஒவ்வொரு நத்தாருக்கும், அதாவது கிறிஸ்துமஸுக்கு, அவரே கூப்பிடுவார். நானாகக் கூப்பிட்டதில்லை. ஒவ்வொரு முறையும், இந்தத் தடவை சொல்லிவிடலாம் என்றுதான் போனை எடுப்பேன். அவர் சாப்பிட்டீர்களா என்று கேட்பார், நான் என்ன சாப்பிட்டேன் என்று சொல்லி வைத்துவிடுவேன்.

போன வாரம் நத்தார் இல்லாமலே கூப்பிட்டார். மகள் அடுத்த வருடம் இத்தாலிக்குக் கூட்டிப் போகிறேன் என்கிறாளாம். கார் எடுத்துக்கொண்டு, எல்லா இடமும்.

"கார் வேண்டாம் எண்டு சொல்லிப்போட்டன் தம்பி. அந்தக் கடைசித் துண்டு மட்டும் சைக்கிளிலை போனாக் காணும். இப்பவும் எனக்கு ஏலும். மகளுக்கு அந்த ஆக்களோட கதைக்கத் தெரியாது, கெதியிலை சரி எண்டு சொல்லிப்போடுவாள். நீங்கள் ஒருக்கா வாறீங்களோ? திரும்ப மறிச்சாலும் நீங்கள் எனக்காகக் கதைப்பீங்கள்தானே?"

சமையலறையில் நின்றுகொண்டிருந்தேன். தண்ணீர்க் குழாயை மூடினேன். இப்போது சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன்.

"பேசுறேன் அக்கா," என்றேன்.